காட்டுக்குப் போகும் முன் ஒரு கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு கூட்டம் தவறாமல் கண்ணில் படும். முதுகில் தலையைத் தாண்டி நிற்கும் பை. பைக்கு வெளியே சுருட்டிக் கட்டின பாய். காலில் விலைச்சீட்டு இப்போதுதான் பிய்த்த மாதிரி ஷூ. பொத்தேரி பக்கத்துக் காலேஜ் பசங்க, மகேந்திரா சிட்டி ஐ.டி. ஆட்கள், ரெண்டும் கலந்த கூட்டம். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பஸ் நிலையம் திறந்த பிறகு தெற்கே போவது இன்னும் சுலபமாகிவிட்டது. ராத்திரி ஏறினால் காலையில் மலை அடிவாரம்.

இந்தப் பயணத்துக்கு எத்தனை திட்டம்! லீவு சொல்வது யார், பஸ் டிக்கெட் போடுவது யார், தலைக்கு எவ்வளவு, வீட்டில் என்ன பொய் சொல்வது... எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். ஆனால் அந்த குரூப்பில் அபூர்வமாகத்தான் ஒரு கேள்வி வரும். "அந்தக் காட்டுக்குள்ள போக யார்கிட்ட கேக்கணும்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

வேலி இல்லாததெல்லாம் புறம்போக்கு இல்லை

காடு என்றால் தேனிக்கும் ஊட்டிக்கும் போகவேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து லோக்கல் டிரெயினில் கொஞ்ச தூரம் தள்ளி வண்டலூரில் ஒரு காப்புக்காடு இருக்கிறது. 1985-ல் சென்னை நகருக்குள்ளிருந்து மிருகக்காட்சி சாலை இங்கே இடம் மாறியபோது, இந்தக் காட்டில் ஒரு பகுதியைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 600 ஹெக்டேருக்கு மேல். அந்தப் பக்கம் மேடவாக்கம் அருகே நன்மங்கலம் காப்புக்காடு. பழைய கல்குவாரியின் பாறை இடுக்குகளில் பெரிய கொம்பு ஆந்தை கூடு வைக்கும் இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் பக்கம் ரோட்டைக் கடந்துபோன முதலையின் வீடியோவைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பிளாட் வாங்கும்போது யாரும் சொல்லாவிட்டாலும் இந்தப் புறநகரின் பக்கத்து வீட்டுக்காரர் காடுதான்.

ஆனால் இங்கே ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வேலி போட்டிருந்தால் அது யாரோ ஒருவரின் பட்டா. வேலி இல்லை என்றால் புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் போகலாம், உட்காரலாம், பாட்டிலை உடைக்கலாம். ஏரிக்கரையைப் பார்க்கும் அதே கண்ணோடுதான் காட்டையும் பார்க்கிறார்கள்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1882-ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதும், தீ மூட்டுவதும் குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. பீச், பார்க் இரண்டிலும் "கூடாது" என்று போர்டு வைத்ததைத் தவிர மற்றதைச் செய்யலாம். காப்புக்காட்டில் இது தலைகீழ். "செய்யலாம்" என்று அனுமதி கொடுத்ததை மட்டும்தான் செய்யலாம். பொதுச்சொத்து என்ற வார்த்தையில்தான் இந்தக் குழப்பமே. பொதுச்சொத்து என்றால் எல்லோருக்கும் சொந்தம், சரி. அதனாலேயே ஒருத்தர் இஷ்டத்துக்கு விட முடியாது.

குரங்கணி

சட்டத்தை மட்டும் சொன்னால் யாருக்கும் உறைக்காது. 2018 மார்ச் 11-ஐச் சொன்னால் உறைக்கும்.

தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி. மேலே கொழுக்குமலை. மகளிர் தினத்தை ஒட்டிய அந்த வார இறுதியில் சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள், அதிலும் பலர் ஐ.டி. வேலையில் இருந்தவர்கள். சனிக்கிழமை ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. காய்ந்துபோன புல் சரிவு, பலமான காற்று, ஓட வழியில்லாத செங்குத்து. சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் மலை ஏறியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். போர்வையில் தொட்டில் மாதிரி கட்டி, காயம்பட்டவர்களை இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

சிலர் அங்கேயே இறந்தார்கள். பலர் மதுரை, சென்னை, கோவை ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராகப் போனார்கள். மொத்தம் 23 பேர்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை போகத்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. அரசு அதுல்ய மிஸ்ரா என்ற மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியை விசாரணைக்கு நியமித்தது. வனச்சரகர் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். யார் மேல் எவ்வளவு தப்பு என்ற விவாதம் பல மாதம் ஓடியது. செத்துப்போனவர்கள் மேல் பழி போடுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அவர்களில் பெரும்பாலோர், ஏற்பாடு செய்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் பணம் கட்டிப் போனார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கும் யாரும் அப்படித்தான் நம்புவார்கள்.

கவனிக்கவேண்டியது ஒன்றுதான். அனுமதிச் சீட்டு என்பது வெறும் காசு வாங்கும் ரசீது இல்லை. உள்ளே எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போது வெளியே வரவேண்டும், இந்த மூன்றும் வெளியே இருக்கும் ஒருவருக்குத் தெரியும் என்பதற்கான பதிவு அது. பாதை மாறினால் பதிவு பொய்யாகிவிடும். தேடப்போகிறவன் எந்தச் சரிவில் தேடுவான்? கணக்கில் வராத பணம் மாதிரிதான் கணக்கில் வராத ஆளும். தொலைந்தால் தொலைந்தது என்பதுகூட உடனே தெரியாது.

செலவு யார் தலையில்?

பி.காம். படிப்பவர்களுக்குப் பொருளாதாரப் பேப்பரில் ஒரு பாடம் வரும். ஃபேக்டரிக்காரர் கழிவை ஆற்றில் விட்டால் லாபம் அவருக்கு, செலவு கீழே இருக்கும் ஊருக்கு. அவருடைய லாப நட்டக் கணக்கில் அந்தச் செலவு எங்கேயும் வராது. பரீட்சைக்கு இதைப் படித்து எழுதுகிற அதே ஆள்தான் சனிக்கிழமை மலைக்குப் போய் சிப்ஸ் கவரைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறார்.

செலவு எங்கே போய் விழுகிறது?

2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் கழிவு இருந்தது. கூடவே கருவில் ஒரு குட்டியும்.

2021 ஜனவரியில் மசினகுடியில், ஒரு விடுதி வளாகத்துக்குள் வந்த யானை மேல் எரியும் பொருளைத் தூக்கி எறிந்தார்கள். காதோடு தீப்பிடித்து ஓடியது அந்த யானை. சில நாளில் இறந்துபோனது. விடுதி முறையான அனுமதி இல்லாமல் நடந்துவந்தது என்று பிறகு தெரிந்தது. காட்டோரம் மலிவாக ரூம் கிடைத்தால், அது எப்படி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

மதுபாட்டில் கதை வேறு. காட்டில் உடைத்துப்போட்ட கண்ணாடி யானையின் காலில் குத்தினால், ஆயிரக்கணக்கான கிலோ எடை அந்தக் காயத்தின் மேல் நிற்கும். காயம் புரையோடும். இந்த விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகுதான் 2022 மே மாதத்தில் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டம் வந்தது. பிறகு வேறு பல மாவட்டங்களுக்கும் பரவியது. புத்தி சொல்லித் திரும்பி வராத பாட்டில், பத்து ரூபாய்க்குத் திரும்பி வந்தது! காரணம் எளிது. யானையின் தலையில் இருந்த செலவைக் குடிப்பவரின் பையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

தீக்கும் இதே கணக்குதான். காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனிதர் கையிலிருந்து கிளம்புபவை. அணைக்கப் போவது யார்? மலைக்கிராமத்தைச் சேர்ந்த தீத்தடுப்புக் காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும். பலருக்கு அது தற்காலிக வேலை. ஃபயர் எஞ்சின் ஏறாத சரிவில் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள். ஒரு செல்ஃபிக்காக மூட்டிய கேம்ப் ஃபயருக்கு அவர்கள்தான் வட்டி கட்டுகிறார்கள்.

சரி, என்னதான் செய்யவேண்டும்?

இன்டர்நெட்டில் தேடினால் அமெரிக்காவின் "லீவ் நோ ட்ரேஸ்" அமைப்பின் ஏழு கொள்கைகள் கிடைக்கும். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அப்படியே காப்பி அடித்தால் இங்கே மாட்டிக்கொள்ள நேரும். அங்கே ஓடையிலிருந்து 200 அடி தள்ளி டென்ட் போடு என்பார்கள். இங்கே காப்புக்காட்டில் இஷ்டப்பட்ட இடத்தில் டென்ட் போடவே கூடாது. அங்கே தீயைச் சின்னதாக மூட்டு என்பார்கள். இங்கே தீயே கூடாது. அதனால் இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி ஒரு பட்டியல்:

1. அனுமதி முதலில், பஸ் டிக்கெட் அப்புறம். ஏற்பாடு செய்பவர் "எல்லாம் பாத்துக்கலாம்" என்று சொன்னால் நம்பவேண்டாம். அனுமதிக் கடிதத்தை வாங்கி, அதில் பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் கண்ணால் பார்க்கவேண்டும். பணம் கட்டுகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

2. இரவு தங்கல். வனத்துறை ஒதுக்கிய இடம், வன ஓய்வு விடுதி, சூழல் சுற்றுலாக் குடில். இவை தவிர வேறெங்கும் காப்புக்காட்டில் தங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தனியார் எஸ்டேட்டில் தங்கினாலும் அந்த இடத்துக்கு முறையான அனுமதி உண்டா, அங்கே போகும் வழி காப்புக்காட்டுக்குள் போகிறதா என்று கேட்கவேண்டும்.

3. தீ கிடையாது. கேம்ப் ஃபயர், பார்பெக்யூ, சிகரெட், ஊதுபத்தி எதுவும் இல்லை. குளிரும் என்றால் இன்னொரு ஸ்வெட்டர்.

4. கோடையில் போகாதீர்கள். காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். அந்த நேரத்தில் "எனக்கு ஆள் தெரியும்" என்று கூட்டிப்போகிறவர்தான் ரொம்ப ஆபத்தானவர்.

5. தீயில் மாட்டிக்கொண்டால். தீ மேட்டைப் பார்த்து வேகமாக ஏறும். அதனால் சரிவில் மேலே ஓடித் தீயை ஜெயிக்க முடியாது. புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரை, ஓடைப் படுகை, இவைதான் ஒதுங்கும் இடம். நைலான், பாலியஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி நல்லது.

6. காய்ந்த ஓடையில் உட்காராதீர்கள். தீக்கு ஒதுங்குவது வேறு, சாப்பிட உட்காருவது வேறு. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் இறந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் தூறல்கூட இல்லாமல், மலைமேல் பெய்த மழை கீழே வெள்ளமாக வரும்.

7. கொண்டுபோனது எல்லாம் திரும்பி வரவேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டிலும் அந்தத் தடையில் வராது என்று வாதம் செய்யவேண்டாம். யானை அரசாணை படிக்காது. வாழைப்பழத் தோல் மக்கிவிடும் என்பார்கள். மக்குவதற்குள் குரங்கு வந்துவிடும். மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று கற்றுக்கொண்ட குரங்கு, அடுத்து வருபவரின் கையைக் கடிக்கும்.

8. சத்தம். ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காதில் ஹெட்போனும் வேண்டாம். கைடு மூங்கில் ஒடியும் சத்தத்தை வைத்தே யானை நிற்கும் திசையைச் சொல்வார். அது காதில் விழுந்தால்தான் பிழைப்பு.

9. ஒதுங்கப் போகும் விஷயம். யாரும் எழுதாததால் எழுதவேண்டியிருக்கிறது. ஓடையிலிருந்து 200 அடி தள்ளி, அரை அடி ஆழக் குழி, மண் போட்டு மூடல். நாப்கின், டயபர், ஈர டிஷ்யூ புதைக்கக்கூடாது, திரும்பிக் கொண்டுவரவேண்டும். ஓடையில் சோப்பு, ஷாம்பு வேண்டாம். அது கீழே ஒரு ஊருக்குக் குடிதண்ணீர்.

10. கைடு சொன்னால் சொன்னதுதான். "திரும்பலாம்" என்று அவர் சொன்னால் எந்த இடமாக இருந்தாலும் திரும்பவேண்டும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே அண்ணா" என்று கெஞ்சினால், பாவம், அவர் சில சமயம் இரங்கிவிடுவார். அந்த இரக்கத்துக்கு அவரை ஆளாக்கக்கூடாது.

காசு இருக்கிறவனுக்குத்தான் காடா?

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கோபம் வரும். அது நியாயமான கோபம். அனுமதி வாங்குவது முன்பெல்லாம் பெரும்பாடு. வனத்துறை அலுவலகம் எங்கே இருக்கிறது, யாரைப் பார்ப்பது, எப்போது பதில் வரும் என்று ஒன்றும் தெரியாது. சுலபமான வழியை அடைத்துவிட்டால் ஆட்கள் திருட்டு வழியில்தான் போவார்கள். குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபர் 24-ல் தமிழ்நாடு அரசு "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு, கூடவே வரப் பயிற்சி பெற்ற உள்ளூர் கைடு. சென்னைப் பக்கத்தில் இருப்பவர்கள் ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. ஆதிமனிதர் வாழ்ந்த திருவள்ளூர் மாவட்டத்து குடியம் குகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனால் கட்டணம்? கடினமான பாதைகளுக்குச் சில ஆயிரம் ஆகிறது. பாக்கெட் மணியில் மாதம் ஓட்டுகிற காலேஜ் பையனுக்கு அது பெரிய தொகைதான். பெரிய கம்பெனிக்காரருக்கும் மாணவருக்கும் ஒரே விலை வைத்தால், மாணவர் மறுபடியும் வேலி தாண்டத்தான் பார்ப்பார். மாணவர் குழுக்களுக்குத் தனிச் சலுகை கேட்பதில் தப்பே இல்லை, கேட்கவேண்டும்.

அதே நேரம் அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் பார்க்கவேண்டும். அதில் ஒரு பகுதி, வழிகாட்டும் மலைக்கிராமத்து இளைஞரின் சம்பளம். காட்டுக்கு ஆள் வருவதால் வருமானம் வருகிற ஊர், அந்தக் காட்டில் தீ பிடித்தால் முதல் ஆளாக ஓடும். வருமானம் எதுவும் இல்லாமலே குரங்கணியில் ஓடினார்கள் என்பது வேறு விஷயம். அந்த மனசை எத்தனை நாள் இலவசமாக வாங்கிக்கொண்டிருப்பது?

வேடந்தாங்கல் கணக்கு

விதி என்றாலே மேலிருந்து வருவது, அதிகாரி போடுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் அதற்குப் பதில் கிடைக்கும்.

வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் வந்து கூடு கட்டுவது நேற்று இன்று நடப்பதில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு கொடுத்தார். இது 1790-களில் நடந்தது. நாட்டில் வனச் சட்டம் எதுவும் பிறக்காத காலம்! பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பறவை போனால் நஷ்டம் யாருக்கு என்ற கணக்கு அவர்களுக்குச் சுத்தமாகப் புரிந்திருந்தது. இன்றும் தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. போலீஸ் நின்று தடுப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளே வெடிப்பதில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் பட்டாசை விட்டுக்கொடுப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு ஒப்பிட்டால் சனிக்கிழமை மலைக்குப் போகிறவரிடம் காடு கேட்பது ரொம்பக் கொஞ்சம். ஒரு கையெழுத்து, ஒரு குப்பைப் பை, ஒரு ராத்திரி தீ இல்லாத குளிர். அந்தக் கையெழுத்தைப் போடாமல் போகிறவர் திரும்பி வராவிட்டால், இருட்டில் போர்வையை எடுத்துக்கொண்டு மலை ஏறப்போவது அவருக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவர்.